ஓட்டாமல் விட்ட ரீல்

பச்சியப்பன் அந்த வீட்டுக்குப் போனது ஒரு ஆளைக் கொல்வதற்கு. ஆனால் கொல்வதற்கு முன்னால் அந்த ஆளைப் பேச வைக்க வேண்டியிருந்தது. அதனால் முதல் நாள் அவருக்கு மலம் துடைத்து, வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்து, முதுகை ஈரம் போக ஒற்றி, இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தான்.

நல்லம்பள்ளியில் பெரிய ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே தள்ளி அந்த வீடு. கட்டிலில் கிடந்தவர் குப்புராஜ், வயது அறுபத்தெட்டு. ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையில் ஆப்பரேட்டர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மனைவி செத்து நாலு வருஷம். ஒரே மகள் கோகிலவாணி, இருபத்து மூன்று வயது, அதியமான்கோட்டையில் ஹைவே ஓரத்து பைக் ஷோரூமில் பில் போடுகிறாள். தூக்கிப் புரட்டத் தெரிந்த ஆம்பளை ஆள் வேண்டும் என்று ஏஜென்சியில் கேட்டவள் அவள்தான். ஏஜென்சியில் பேரையும் ஊரையும் படித்தபோது பச்சியப்பன், "இந்த வூட்டுக்கு நான் போறேங்க" என்றான். சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

கோகிலவாணி வேலைக்குக் கிளம்பிப் போனதும் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஆப்பரேட்டரே, என்னெத் தெரியுதா?"

குப்புராஜின் கண்கள் அவனை மேலும் கீழும் பார்த்தன. தெரியவில்லை.

"மாட்னி ஷோ. இங்கிலீஷ் படம். கோர்ட்டுல ஏறி நின்னு, முழுப் படமும் ஓட்டினேன், பதினாலு ரீலும் ஓட்டினேன்னு சொன்னியே. அன்னைக்கு எதுத்த கூண்டுல ஒருத்தன் கும்புட்டுகிட்டு நின்னான் பாரு, அவன்தான்."

கண்கள் அகன்றன. வாயிலிருந்து "ம்பா, ம்பா" என்று சத்தம் வந்தது. அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சத்தம்தான். பயத்தில் போர்வை நனைந்தது.

"கத்தாத. இப்ப ஒண்ணும் பண்ண மாட்டேன். கடசி ரீல ஓட்டலைன்னு உன் வாயால எங்கக்காகிட்ட சொல்லு. சொன்னதும் உன்னெ முடிச்சிடறேன். அது வரைக்கும் நீ சாவக் கூடாது."

சொல்லிவிட்டு எழுந்து, நனைந்த துணியை உருவி, வேறு விரித்தான்.

இரண்டாயிரத்து ஒன்று, ஆகஸ்டு இருபத்திரண்டு, புதன்கிழமை. ஏரியூர்ப் பக்கம் ஒரு கிணற்று மோட்டார் ரூமுக்கு வெளியே மாதவராஜ் என்பவன் வெட்டுப்பட்டுக் கிடந்தான். கழுத்தில் ஒன்று, தோளில் இரண்டு. தடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறான், அதில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஒன்று வாய்க்கால் தண்ணீரில் மிதந்துபோய் கேழ்வரகு வயலில் கிடைத்தது. டீ எடுத்துப்போன அவன் மனைவி மாதம்மாள்தான் முதலில் பார்த்தாள். மாதம்மாள் பச்சியப்பனின் அக்கா.

மாதவராஜ் குடித்துவிட்டு அவளை அடிப்பான். இரண்டு நாளைக்கு முன்னால்தான் பச்சியப்பன் குழாயடியில் அவன் சட்டையைப் பிடித்து, "இன்னொரு தடவ எங்கக்கா மேல கை வெச்சின்னா துண்டு துண்டா வெட்டிப் போட்டுடுவேன்" என்று கத்தினான். தெருவே கேட்டது. வெட்டியது யார் என்று பிறகு யாரும் யோசிக்கவில்லை. இன்று வரைக்கும் தெரியாது.

அந்த நேரத்தில் பச்சியப்பன் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தான். எரிந்துபோன மோட்டாரை ஒரு ரிப்பேர் கடையில் காயில் கட்டக் கொடுத்திருந்தான். அஞ்சரைக்கு வா என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அது வரைக்கும் என்ன செய்வது? பக்கத்துக் கொட்டகையில் மாட்னி. இங்கிலீஷ் படம். உள்ளே கூட்டமே இல்லை.

ஸ்டேஷனில் அவன் இதைச் சொன்னபோது ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டி ஜன்னல் கம்பியில் தூக்கி மாட்டினார்கள். தோள் மூட்டு பிசகுகிற சத்தம் அவனுக்கே கேட்டது. பாதத்தில் லத்தியால் அடித்தார்கள். மூன்றாவது நாள் உள்ளங்கால் தோல் கழன்று தொங்கியது. நடக்கும்போது மிதிபடுகிறதே என்று அவனே குனிந்து பிய்த்துப் போட்டான். நாலாவது நாள் அவன் வீட்டு எரவானத்தில் செருகியிருந்த அரிவாளை எடுத்து வந்தார்கள். வரும்போது அதில் ரத்தம் இருந்தது. எந்த ரத்தமோ.

கோர்ட்டில் அவனுடைய வக்கீல் அவனையே சாட்சி சொல்ல ஏற்றினார். படம் பார்த்தவன்தானே, கதையைச் சொல்லட்டும், ஜட்ஜுக்கே புரியும் என்று நினைத்தார். பச்சியப்பன் நன்றாகவே சொன்னான். பாஷை தெரியாவிட்டாலும் கண்ணால் பார்த்ததை வரிசையாகச் சொன்னான். மரக்கிடங்கில் வேலை செய்கிறவன் மேல் கொலைப்பழி விழுகிறது. மூன்று பேர் பொய்ச்சாட்சி சொல்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து வெளியே வருகிறான். ஒருத்தனை ரம்பத்தில் கொடுத்து அறுக்கிறான். ஒருத்தனைக் காருக்குள் பூட்டி எரிக்கிறான். மூன்றாவது ஆளைப் படகுத்துறையில் பிடித்து நெற்றியில் துப்பாக்கியை வைக்கிறான்.

"அப்புறம்?" என்றார் அரசு வக்கீல்.

"அப்புறம் இல்லீங்க. அதோட படம் முடிஞ்சுது. லைட்டு போட்டாங்க."

அரசு வக்கீல் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். படம் அதோடு முடியவில்லை, இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, அதில்தான் சுடுகிறான், சுட்ட பிறகு நடப்பதுதான் படத்துக்கே முக்கியம் என்றார். பாதியில் எழுந்து வந்த எவனோ சொன்ன கதையை மனப்பாடம் செய்து வந்திருக்கிறான் என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். பிறகு ஆப்பரேட்டரைக் கூப்பிட்டார்கள். குப்புராஜ் புதுச் சட்டை போட்டு வந்து ஏறி, "முழுப் படமும் ஓட்டினேங்க. மணி அடிக்கிற வரைக்கும் நான் ரூம விட்டு நகரல" என்றார். இறங்கும்போது பச்சியப்பன் பக்கம் அவர் பார்க்கவில்லை.

ஆயுள் தண்டனை. வெளியே கூட்டி வரும்போது மாதம்மாள் போலீசைத் தள்ளிக்கொண்டு வந்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றி அவன் வாயில் அடித்தாள். முன்பல் ஒன்று உடைந்தது. "என் புருசன் என்னெ அடிச்சான், உன்னையாடா அடிச்சான்?" என்றாள். அவனோடு அவள் அதற்கு அப்புறம் பேசவில்லை.

ஜெயிலில் முதல் வருஷம், சோற்று வரிசையில் ஒருவன் தேய்த்துக் கூராக்கிய ஸ்பூனால் முன்னால் நின்றவன் கழுத்தில் குத்தினான். எல்லோரும் விலகி ஓட, பச்சியப்பன் குத்துப்பட்டவன் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு விரலை அந்த ஓட்டைக்குள் விட்டு அழுத்திக்கொண்டான். டாக்டர் வர இருபது நிமிஷம் ஆனது. ஆள் பிழைத்துக்கொண்டான். "உன் கை நடுங்கல. நாளையில இருந்து ஆஸ்பத்திரி வார்டுக்கு வா" என்றார் டாக்டர். அங்கே பதினாறு வருஷம் வேலை செய்தான். காசநோய்க்காரனின் சளிக் கிண்ணம், பைத்தியம் பிடித்தவனின் கடி, கிழவர்களின் சீழ்பிடித்த முதுகு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டால் முதுகில் புண் வராது என்று அங்கேதான் கற்றான். அவன் பார்த்த ஆளுக்குப் புண் வந்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

விடுதலையாகி முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போனான். வாசலில் நின்று, "அக்கா, நான் பண்ணலக்கா" என்றான். அவள் அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுக் கஞ்சியைக் குண்டானோடு அவன் மேல் ஊற்றினாள். கழுத்திலிருந்து மார்பு வரைக்கும் வெந்துபோனது. ஆறு வருஷம் கழித்தும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை.

அவனுக்கு வேறு யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் ஒன்றுதான். அவள் நம்ப வேண்டும். அவளை நம்ப வைக்கக்கூடிய வாய் ஒன்றே ஒன்று, அதுவும் கோணிக்கொண்டு கிடந்தது.

அதனால் அந்த வாயோடு மல்லுக்கட்டினான். பக்கவாதக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, தலைமாட்டை உயர்த்தி, ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, முகவாயைக் கீழே தாழ்த்தச் சொல்ல வேண்டும். "தாடைய எறக்கு, முழுங்கு." தொண்டைமேல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக்கொள்ள வேண்டும். குரல்வளை ஏறி இறங்கினால் விழுங்கிவிட்டார் என்று அர்த்தம். கழுத்தை நெரிக்கிறவனும் அதே இடத்தில்தான் விரலை வைப்பான். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பச்சியப்பன் விரலை வைத்தான், ஒவ்வொரு ஸ்பூனுக்கும் எடுத்தான்.

கஞ்சி முடிந்ததும் பாடம். "க சொல்லு. கடசி. கடசி ரீலு." நாக்கை ஈரத்துணியால் பிடித்து இழுத்துப் பழக்குவான். "ம்பா" என்பார் குப்புராஜ்.

ஒரு நாள் அவர் கஞ்சியை வாயில் அடக்கி வைத்திருந்து அவன் முகத்தில் துப்பினார். வேண்டுமென்றேதான். அன்றைக்கு விரலை எடுக்கவில்லை. அழுத்தினான். குப்புராஜின் முகம் சிவந்து, பிறகு கறுத்து, நல்ல கால் கட்டிலைப் படபடவென்று உதைத்தது. கண்ணில் ரத்தம் கட்டியது. "இன்னும் சொல்லலியே நீ" என்று ஞாபகம் வந்து விட்டான். கழுத்தில் இரண்டு தடம் விழுந்திருந்தன. களிம்பு போட்டான்.

சாயங்காலம் கோகிலவாணி பார்த்து, "என்னாண்ணா இது?" என்றாள்.

"பொறையேறிடுச்சு பாப்பா. கொஞ்சம் அழுத்திப் புடிக்க வேண்டியதாப் போச்சு."

"நீங்க இல்லைன்னா என்னா ஆயிருக்கும்!" என்றாள் அவள். குப்புராஜ் "ம்பா, ம்பா" என்று தலையை அசைத்தார். "பாருங்க, அவரும் அதத்தான் சொல்றாரு."

மூன்று மாசம் போனது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோகிலவாணிக்கு லீவு. டிவி சேனலை மாற்றிக்கொண்டே வந்தாள். பெரிய மரக்கிடங்கு, வட்டமான ரம்பம், தமிழ் பேசும் வெள்ளைக்காரர்கள்.

பச்சியப்பன் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது. "அத மாத்தாத பாப்பா."

இருபத்து மூன்று வருஷம் கழித்து அந்தப் படத்தை அவன் மறுபடி பார்த்தான். ஒவ்வொன்றும் வருவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்தது. முதல் ஆளின் தலைமயிரைப் பிடித்து ரம்பத்தை நோக்கித் தள்ளுவது, மரத்தூள் ரத்தத்தில் ஊறிச் சேறாவது. எரிகிற காருக்குள்ளிருந்து இரண்டாவது ஆள் கண்ணாடியைக் குத்துவது, குத்திய கையின் தோல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது. புதிதாக ஒன்றுதான் தெரிந்தது. பார்க்க மனுப் போட்டு ஜெயிலுக்கு வந்து, நீ செய்யவில்லை என்று எனக்குத் தெரியும் என்று அழுகிறாளே ஒருத்தி, அவளை அவன் அந்த ஆளின் அக்கா என்றே நினைத்திருந்தான். ஜெயிலில் ஒவ்வொரு மனு நாளும் அவளை நினைத்துத்தான் வாசலைப் பார்த்திருந்தான். இப்போது அவள் தமிழில், "உங்க பொண்டாட்டி நான் நம்பறேங்க" என்றாள்.

படகுத்துறை வந்தது. நெற்றியில் துப்பாக்கி. விளம்பரம் போட்டான்.

கோகிலவாணி கை தட்டிச் சிரித்தாள். "அய்யோ, இது எங்கப்பா வாலறுத்த படம்ணா! முந்தி டிவில ரெண்டு தடவ வந்தப்ப அவரே கூப்புட்டுக் காட்டுனாரு."

"வாலறுத்த படமா?"

"நான் பொறந்த கதண்ணா. அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அப்பா மாட்னி ஓட்டிகிட்டு இருக்காரு. அம்மாவுக்கு வலி வந்திடுச்சுன்னு கேண்டீன்காரரு ரூமுக்கு ஓடியாந்து சொன்னாரு. கடசி ரீல கையில வெச்சிருக்காரு, இன்னும் மாட்டல. அதெல்லாம் வேணாம்னு லைட்டப் போட்டு, கதவத் தொறந்து வுட்டு, சைக்கிள எடுத்துகிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு. வந்து நின்னா, கையில ரீலு டப்பா! அதையும் தூக்கிகிட்டே வந்திருக்காரு. நர்ஸம்மா சாப்பாடுன்னு நெனச்சு, 'என்னா கொழம்பு?'ன்னு கேட்டாங்களாம்."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னும் கேளுங்க. பதினோரு பேருதான் படம் பாத்திருக்காங்க. ஒருத்தங்கூட ஏன் நின்னுதுன்னு கேக்கல! இங்கிலீஷ் படம்னா இப்பிடித்தான் முடியும்போலன்னு வேட்டியத் தட்டிகிட்டுப் போயிட்டாங்களாம்."

தட்டிக்கொண்டு போன பதினொன்றில் பச்சியப்பனும் ஒருவன். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

"ஓனருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வேல போயிடும்ல? அதனால வெளிய மூச்சு வுடல. எங்க வூட்டு ரகசியம்."

குப்புராஜ் இடது கையால் கட்டில் கம்பியை அடித்தார். "ம்பா! ம்பா! ம்பா!"

"பாருங்கண்ணா, எப்பிடிச் சிரிக்கறாரு!"

பச்சியப்பன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். கையைத் துண்டில் துடைத்தான். அவனைப் பதினேழு வருஷம் உள்ளே வைத்த பொய்யின் நிஜம் இந்த வீட்டில் சோறு தின்னும்போது சொல்லிச் சிரிக்கிற கதையாக இருந்திருக்கிறது.

"பாப்பா, எங்கக்கா ஒண்ணு ஏரியூர்ல இருக்குது. இந்த மாதிரி கதைன்னா அதுக்கு உசுரு. நான் பேசுனா வெச்சிடும், சண்ட. உன் போன்ல இருந்து போட்டு, இப்ப சொன்னியே, அத அப்படியே சொல்றியா? தேதியும் சேத்துச் சொல்லு."

அவள் உற்சாகமாக நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அக்கா, நான் நல்லம்பள்ளியில இருந்து கோகிலவாணி பேசறேன். உங்க தம்பி எங்கப்பாவப் பாத்துக்கறாரு. வெச்சிடாதீங்க, ஒரு கத சொல்லச் சொன்னாரு..." முதலிலிருந்து சொன்னாள். மரக்கிடங்கு, பதினொரு பேர், ரீல் டப்பா, குழம்பு. "ரெண்டாயிரத்து ஒண்ணு, ஆகஸ்டு இருபத்திரெண்டு, புதன்கிழம, சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பொறந்தேன்."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிவியில் விளம்பரம் முடிந்து துப்பாக்கி வெடித்தது. படகுத்துறைப் பலகையில் மூன்றாவது ஆளின் பின்மண்டை தெறித்தது. சுட்டவன் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, செத்தவன் அருகிலேயே உட்கார்ந்து, போலீஸ் படகு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். விலங்கைப் பூட்டக் கையை நீட்டினான். முடிந்தது. இந்தப் பத்து நிமிஷம்தானா என்று பச்சியப்பன் பார்த்தான்.

"உங்கப்பன் பேரென்னா?" என்றது போனில் மாதம்மாளின் குரல்.

"குப்புராஜுங்க்கா."

"வூடு எங்க?"

கோகிலவாணி வழி சொன்னாள். போன் நின்றது. "உங்கக்காவுக்கு கத புடிக்கலபோல" என்றாள்.

அந்த வாய் இனித் தேவையில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோகிலவாணி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பச்சியப்பன் வாசல் கதவைச் சாத்தினான். கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தித் தட்டையாக்கினான். குப்புராஜுக்குப் புரிந்துவிட்டது.

"கொழந்த பொறந்ததச் சொல்லியிருந்தா வேலதான் போயிருக்கும். வேற வேல கெடைச்சிருக்கும்யா" என்றான். தலையணையை எடுத்து முகத்தில் வைத்து, முழங்கையை ஊன்றி அழுத்தினான். இடது கை அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்தது. நகம் கழுத்தில், அந்த வெந்த இடத்தில், கீறியது. அவன் எண்ணிக்கொண்டே அழுத்தினான். எத்தனை எண்ணினால் மூச்சு நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். நாற்பது வரைக்கும் வந்தான்.

"அண்ணா! உங்கக்கா வந்திருக்காங்க! பஸ் ஸ்டாப்புல எங்கிட்டயே வழி கேக்கறாங்க!"

தலையணையை எடுத்தான். குப்புராஜ் மூச்சை இழுத்த சத்தம் கதவு திறக்கும் சத்தத்தோடு கலந்துபோனது.

மாதம்மாள் உள்ளே வந்தாள். முடி முழுக்க வெள்ளை. தோளில் மளிகைப் பை. தம்பியைப் பார்க்கவில்லை, நேரே கட்டிலைப் பார்த்தாள். "இவன்தானா?" என்றாள். பைக்குள்ளிருந்து புளிய மரக் கிளை கழிக்கிற கொடுவாளை எடுத்தாள்.

"அக்கா!"

அவள் ஓங்கிவிட்டாள். பச்சியப்பன் குறுக்கே விழுந்தான். கழுத்துக்குப் போன வெட்டு அவன் முன்னங்கையில் இறங்கியது. எலும்பில் பட்டு நின்றது. ரத்தம் சுவரில் அடித்து, டிவியில் வழிந்து, குப்புராஜின் முகத்தில் தெறித்தது. கோகிலவாணி அலறினாள்.

"விடுறா! விடுறா என்னெ!" என்று தம்பியை உதறிவிட்டு, குப்புராஜைப் பார்த்துக் கத்தினாள். "எந்தம்பிய செருப்பால அடிச்சேன்டா நானு! கொதிக்கற கஞ்சிய ஊத்துனேன்டா!" கொடுவாளைப் பிடுங்கி மறுபடி ஓங்கினாள். "பதினேழு வருசம்! இவன் பொண்ணு பொறந்த கதைய இளிச்சிகிட்டு சொல்றா எங்கிட்ட! அன்னைக்கு அந்த ஆறு மணிக்கு நான் என் புருசனோட வெரல வயல்ல தேடிகிட்டிருந்தேன்டீ!"

"எனக்குத் தெரியாதுக்கா... எனக்கு ஒண்ணுமே தெரியாதே..." கோகிலவாணி அப்பாவைப் பார்த்தாள். "அப்பா?"

குப்புராஜ் மாதம்மாளைப் பார்த்தார். மூன்று மாசமாக முகவாயைத் தாழ்த்த மட்டுமே பழக்கப்பட்டிருந்தவர், இப்போது அதை மேலே தூக்கினார். கழுத்து நரம்பு புடைக்க, குரல்வளை தெரிய, தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது புரிந்தது.

மாதம்மாளின் கை மேலேயே நின்றது. பச்சியப்பன் ரத்தக் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாங்க்கா. உள்ள போனா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ அங்க போவக் கூடாது."

அவள் இறக்கினாள். வெட்டு குப்புராஜின் காதோரம் தலையணையில் விழுந்தது. பஞ்சு கிளம்பி ரத்தத்தில் ஒட்டியது. கொடுவாளை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டாள்.

"அழுவறத அப்புறம் அழு" என்றான் பச்சியப்பன். முகம் வெளுத்துவிட்டது. "துண்ட எடு. வெட்டுக்கு மேல வெச்சு ரெண்டு கையாலயும் அழுத்து. இன்னும் அழுத்து, நான் சாவ மாட்டேன். கைய நெஞ்சுக்கு மேல தூக்கிப் புடி."

இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அக்கா அவனைத் தொட்டாள். பற்கள் நெறிபட, பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், "எப்படி ஆச்சு?" என்றார்.

"மரத்துல கெள கழிச்சேங்க. கொடுவா நழுவிடுச்சு" என்றான் பச்சியப்பன்.

டாக்டர் மேலிருந்து இறங்கியிருந்த வெட்டைப் பார்த்தார். "பார்த்தது யாரு?"

மாதம்மாள் தலை குனிந்தாள். கோகிலவாணி முன்னால் வந்தாள். சுடிதாரெல்லாம் ரத்தம். "நான் பாத்தேன் சார். எங்க வூட்டு மரந்தான். கூடவே இருந்தேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கோகிலவாணி, "நான் எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்றேண்ணா" என்றாள்.

"எந்தக் கோர்ட்டு இனிமே தொறக்கும்? கேக்க வேண்டிய ஆளு கேட்டாச்சு." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றரை. "பக்கத்து வூட்டம்மாகிட்ட போன் பண்ணி அவர வலது பக்கம் திருப்பிப் போடச் சொல்லு. நேரமாச்சு. கஞ்சி குடுக்கறப்ப தலமாட்டத் தூக்கி வெக்கணும், தட்டையா வெச்சிருக்கேன்."

"இனிமே வர மாட்டீங்களா?"

"மாட்டேன்."

தலைமாட்டை ஏன் தட்டையாக வைத்தான் என்று அவள் கேட்கவில்லை. மாதம்மாள் கேட்டாள், ஏரியூர் பஸ்ஸில், பென்னாகரம் தாண்டிய பிறகு. அவன் சொன்னான். "நான் வராம இருந்திருந்தா முடிச்சிருப்ப" என்றாள் அவள். "ஆமா" என்றான். அவனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. ஆனாலும் இப்போது அக்கா வீட்டிலிருந்துதான் சுற்று வட்டாரத்தில் படுக்கையில் விழுந்தவர்களைப் பார்க்கப் போய் வருகிறான்.

ஆடி மாதம் கோகிலவாணி போன் செய்தாள். அப்பா விடியற்காலையில் போய்விட்டார் என்றாள். மாதம்மாள் அடுப்படியிலிருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"குளிப்பாட்டியாச்சா?" என்றான் பச்சியப்பன்.

"ஆச்சுண்ணா."

"முதுகுல புண்ணு இருந்துச்சா?"

"இல்லண்ணா. ஒரு பொட்டுகூட இல்ல."

"ம்" என்று போனை வைத்தான்.